ஒலிக்கோப்புக்குப் பெயர் இடுவது எப்படி?

வானொலியில் எந்த நிகழ்ச்சியும் பெயரில்லாமல் வருவதில்லை. அறிவிப்பாளர் முதலில் நிலையத்தின் பெயரைச் சொல்வார். பிறகு நேரத்தைச் சொல்வார். அதன் பிறகு நிகழ்ச்சியின் பெயரையும் பேசுபவரின் பெயரையும் சொல்வார். கோடைப் பண்பலையைக் கேட்டுப் பழகிய தேனி மாவட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. வானொலியைப் பாதியில் திருப்பியவர்கூட, அடுத்த அறிவிப்பு வரும் வரை பொறுத்திருந்தால், தாம் கேட்டது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

இப்பொழுது வானொலியோடு வலையொலியும் வந்துவிட்டது. ‘பாட்காஸ்ட்’ என்று பலரும் சொல்வது இதைத்தான். இதில் நிகழ்ச்சி ஒரு கோப்பாக வருகிறது. கேட்பவர் அதை இறக்கிவைத்துக்கொண்டு, தமக்கு வாய்த்த நேரத்தில் கேட்கிறார். கம்பத்திலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் அதிகாலையில் ஜீப்பில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரை எண்ணிப் பாருங்கள். மலைப்பாதையில் பல இடங்களில் டவர் கிடைப்பதில்லை. முதல்நாள் இரவே இறக்கிவைத்த கோப்புதான் அவர்களுக்குப் பேச்சுத் துணை. அந்தக் கோப்புக்கு அறிவிப்பாளர் யார்? அதன் பெயர்தான். பெயர் சரியாக இல்லையென்றால், எது புதிது, எது பழையது, எது முதல் பாகம், எது இரண்டாம் பாகம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் தாமே பாடங்களைப் பதிவு செய்து வெளியிடும் காலம் இது. ஆகவே, ஒலிக்கோப்புக்குப் பெயர் இடும் முறையை அறிவியல் நோக்கில் சிறிது ஆராய்வோம்.

இசைத்தட்டு தந்த பாடம்

ஒலிப்பதிவுக்கு அடையாளம் இடும் சிக்கல் ஒலிப்பதிவைப் போலவே பழையது. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரடெரிக் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்தார். பாடியவர்களுள் கௌஹர் ஜான் புகழ்பெற்றவர். அவர் ஒவ்வொரு பாட்டையும் முடிக்கும்போது, ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார்.

இது வெறும் பெருமைக்காகச் சொன்னதன்று. பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரத்துக்குக் கப்பலில் சென்றன. அங்கேதான் இசைத்தட்டுகள் அச்சாயின. அங்குள்ள தொழிலாளிக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டுமானால், பெயர் ஒலிக்குள்ளேயே இருக்க வேண்டும். மேலே ஒட்டிய சீட்டு கிழிந்துபோனாலும் உள்ளே சொன்ன பெயர் அழியாது அல்லவா? இந்த நுட்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

2-க்கு முன்னே 10 வருவது ஏன்?

ஒரு தொடர் நிகழ்ச்சியின் 12 பகுதிகளுக்கு ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று வரிசையாகப் பெயர் இட்டு ஒரு பென் டிரைவில் போடுகிறோம் என்று கொள்வோம். பெயர் வரிசைப்படி ஒலிக்கும் பல கருவிகளில் அவை எந்த வரிசையில் ஒலிக்கும் தெரியுமா? 1, 10, 11, 12, 2, 3, 4 என்ற வரிசையில் ஒலிக்கும்!

காரணம் எளியது. அந்தக் கருவி எண்ணின் மதிப்பைப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவது போல, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. ‘10’ என்பதன் முதல் எழுத்து 1. ‘2’ என்பதன் முதல் எழுத்து 2. ஒன்று சிறியது, ஆகவே 10 முன்னே நிற்கிறது. எண்ணின் மதிப்பைப் புரிந்துகொண்டு அடுக்கும் கணிப்பொறிகளும் உண்டு. ஆனால், கேட்பவர் கையில் எந்தக் கருவி இருக்கும் என்பது நமக்குத் தெரியாது.

இதற்கு மருந்து சுழியம். 001, 002, 010 என்று எல்லா எண்களையும் ஒரே நீளத்தில் எழுதிவிட்டால், எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும். எத்தனை இலக்கம் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வாரம் ஒரு நிகழ்ச்சி என்றால் ஆண்டுக்கு 52. இரண்டு இலக்கங்களைக் கொண்டு 99 வரையே எண்ண முடியும். இரண்டு ஆண்டு நிறையும் முன்பே அது தீர்ந்துபோகும். மூன்று இலக்கம் என்றால் 19 ஆண்டுகளுக்குப் போதும். நாள்தோறும் வெளியிடுவோருக்கு மூன்று இலக்கம் மூன்று ஆண்டுகூடத் தாங்காது. அவர்கள் நான்கு இலக்கம் கொள்வதே நல்லது.

வேறொரு வகைக் கருவியும் உண்டு. விலை குறைந்த ஒலிப்பெட்டிகள் சில, பெயரையே பார்க்காமல், கோப்புகள் எந்த வரிசையில் படியெடுக்கப்பட்டனவோ அந்த வரிசையிலேயே ஒலிக்கும். இத்தகைய பெட்டிக்கு, 001-இல் தொடங்கி வரிசையாகப் படியெடுத்துத் தருவதே வழி.

தேதியை எப்படி எழுதுவது?

நாம் பேச்சு வழக்கில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதியைச் சொல்கிறோம். கோப்பின் பெயரில் 05-03-2024 என்று எழுதினால் என்ன ஆகும்? எல்லா மாதங்களின் ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினாலும் பயனில்லை. பன்னிரண்டு மாதப் பெயர்களையும் எழுத்து வரிசையில் அடுக்கினால் அக்டோபர் முதலிலும் மே கடைசியிலும் வரும்.

எண்களை எழுதும்போது நாம் பெரிய இடமதிப்பை முதலில் எழுதுகிறோம்: நூறு, பத்து, ஒன்று. தேதியையும் அவ்வாறே பெரிய அலகிலிருந்து தொடங்கினால் சிக்கல் தீரும். 2024-03-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் இந்த முறையை 1988-இல் பன்னாட்டுத் தர அமைப்பு தன் 8601-ஆம் தரமாக வெளியிட்டது. இவ்வாறு எழுதிய பெயர்களைக் கருவி எழுத்து வரிசையில் அடுக்கினாலும் அவை கால வரிசையில் நிற்கும்.

தேதிக்குச் சாய்கோடு இடுவதைத் தவிர்க்க வேண்டும். விண்டோஸ் கணிப்பொறிகள் சாய்கோடு, கேள்விக்குறி, விண்மீன் குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரில் ஏற்பதில்லை. ‘நியூட்ரினோ என்றால் என்ன?’ என்ற தலைப்பை அப்படியே கோப்பின் பெயராக வைக்க அங்கே இயலாது. சிறு கோடு ஒன்றே எல்லா இடத்திலும் தொல்லை இல்லாதது.

தமிழ் எழுத்து எத்தனை இடம் பிடிக்கும்?

கணிப்பொறி எல்லாவற்றையும் எண்களாகவே அறியும். யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களைச் சேமிக்கப் பெரிதும் வழங்கும் முறையில், ஒரு ரோமன் எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். இங்கே ‘குறி’ என்று சொன்னதைக் கவனியுங்கள். ‘தி’ என்பது நமக்கு ஓர் எழுத்து; கணிப்பொறிக்கோ ‘த’ ஒரு குறி, இகரத்தின் மேல்விலங்கு மற்றொரு குறி. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியே.

‘கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 16 எழுத்துகள். கணிப்பொறியின் கணக்கில் 28 குறிகள், இரண்டு இடைவெளிகள். 28-ஐ மூன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 86 பைட்டு. லினக்ஸ் கணிப்பொறிகளிலும் ஆண்டிராய்டு கைபேசிகளிலும் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. அதாவது 85 தமிழ்க் குறிகள். மேலே கண்ட விகிதத்தில் ஏறத்தாழ 48 எழுத்துகள். விண்டோஸ் இதைவிடத் தாராளமானது. அங்கே 255 குறிகள் வரை செல்லலாம். ஆகவே, விண்டோஸில் சிக்கலின்றி இருந்த நீண்ட தமிழ்ப் பெயர், கைபேசிக்குச் செல்லும்போது ஏற்கப்படாமல் போகலாம்.

இணைய முகவரியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாற்றி எழுதப்படுகிறது. ‘திராட்சை’ என்ற சொல்லின் 8 குறிகள் 72 எழுத்துகளாக நீளும். அதையே ரோமன் எழுத்தில் எழுதினால் 10 எழுத்தில் முடிந்துவிடும்.

ஒரே சொல், இரண்டு வடிவம்

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் ‘கோடை’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தை இரு வழிகளில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரத்துக்கென உள்ள ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு வழி. ககரத்தோடு இரட்டைக் கொம்பு ஒரு குறியாகவும் கால் மற்றொரு குறியாகவும் சேர்ப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எண்களோ வேறு. ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கோடை’யை, சேர்த்த வடிவில் தட்டச்சு செய்து தேடினால், எண்ணுக்கு எண் ஒப்பிடும் கருவி ‘இல்லை’ என்று கைவிரித்துவிடும்.

வரிசைப்படுத்துவதிலும் இப்படித்தான். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ நகரத்தின் பக்கத்தில் இருக்கிறது; ‘ள’, ‘ழ’, ‘வ’ என்ற வரிசையில் வகரம் பின்னால் நிற்கிறது. புள்ளி எல்லா உயிர்க் குறிகளுக்கும் பின்னால் வருகிறது. ஆகவே குறி எண்ணின்படி அடுக்கினால் நம் அகராதி வரிசை கிடைக்காது. வரிசையை எழுத்திடம் ஒப்படைக்காமல் எண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு இது மேலும் ஒரு காரணம்.

ஒரு கோப்புக்கு மூன்று பெயர்

கோப்பின் பெயர் ஒன்றுதான் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. வலையொலிக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள் உண்டு.

முதலாவது, மேலே நாம் கண்ட கோப்பின் பெயர். அதன் இறுதியில் வரும் ‘எம்பி3’ என்ற அடையாளத்தை 1995 ஜூலையில் ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனத்தார் தேர்ந்தெடுத்தனர்.

இரண்டாவது, கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் சீட்டு. இதற்கு ‘ஐடி3’ என்று பெயர். 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் இதை உருவாக்கினார். கோப்பின் கடைசி 128 பைட்டில் தலைப்பு, பாடியவர், ஆண்டு முதலியவற்றை எழுதிவைத்தார். தலைப்புக்கு அவர் ஒதுக்கியது 30 பைட்டு. அதில் ‘கம்பம் திராட்சை’ என்று யூனிகோடில் எழுதினால் 43 பைட்டு ஆகும். ‘கம்பம் திர’ என்பதோடு 28 பைட்டு தீர்ந்து, அடுத்த குறி பாதியில் வெட்டுப்பட்டுப்போகும்! நல்லவேளையாக 1998-இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் இந்த நெருக்கடி இல்லை. யூனிகோடுக்கும் இடம் உண்டு. தமிழ்த் தலைப்பு எழுதுவோர் இந்த இரண்டாம் பதிப்பையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, வலையொலியின் ஓடையில் எழுதும் தலைப்பு. ஓடை என்பது, புதிய பகுதி வந்திருக்கிறது என்று கேட்பவரின் செயலிக்குத் தெரிவிக்கும் பட்டியல். செயலியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தலைப்பைத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் ஓடையில் ஒரு நிலையான அடையாளமும் உண்டு. வெளியிட்ட பிறகு அந்த அடையாளத்தை மாற்றினால், செயலி அதைப் புதிய பகுதி என்று கருதி மறுபடியும் இறக்கிவிடும். கோப்பின் முகவரியை மாற்றினால் பழைய இணைப்புகள் அறுந்துபோகும். எனவே பெயரை வெளியிடும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். வைத்த பின் மாற்றக் கூடாது.

கைமாறும்போது நேரும் ஆபத்து

செயலிக்குள் இருக்கும் வரை ஓடையின் தலைப்பு துணை நிற்கும். ஆனால் நம் ஊர்களில் ஒலிக்கோப்பு பெரும்பாலும் கைமாறியே பரவுகிறது. அப்போது ஓடை பின்தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஆண்டிராய்டு கைபேசிக்கு ஒலியாக அனுப்பினால் கோப்பின் பெயரும் மாறிவிடும்; ‘ஆடியோ’ என்பதன் முதல் மூன்று ரோமன் எழுத்துகள், ஒரு தேதி, ஒரு வரிசை எண் என்று புதிய பெயர் அமையும். அந்தத் தேதி கோப்பு கைமாறிய தேதியே அன்றி, நிகழ்ச்சியைப் பதிவு செய்த தேதி அன்று.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பார்கள். ஆனால் அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து நாள் தள்ளிப்போவதும் உண்டு. ‘தண்ணீர் திறக்கிறார்கள், நாற்றங்கால் விடலாம்’ என்று சொல்லும் சென்ற ஆண்டுப் பேச்சு ஒன்று, இன்றைய தேதியைச் சூடிக்கொண்டு ஒரு விவசாயியின் கைபேசிக்கு வந்தால் என்ன ஆகும்? விதை நெல்லும் உழவுக் கூலியும் வீண். திராட்சைத் தோட்டத்து மருந்தளவு பற்றிய பழைய அறிவுரையும் அப்படியே. தேதியில்லாத அறிவுரை, தேதியில்லாத மருந்துச் சீட்டைப் போன்றது.

இங்கேதான் கௌஹர் ஜான் நமக்குக் கைகொடுக்கிறார். பெயர் எத்தனை முறை மாறினாலும் ஒலி மாறுவதில்லை. ஆகவே, பதிவின் முதல் பத்து நொடிக்குள் நிகழ்ச்சியின் பெயர், பகுதி எண், பதிவு செய்த தேதி ஆகிய மூன்றையும் வாயால் சொல்லிவிட வேண்டும். அனுப்புபவரும் ஒலியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் கோப்பின் பெயர் மாறாமல் போய்ச் சேரும்.

பார்வையற்ற நேயர்

இன்னொரு வகை நேயரையும் நாம் மறக்கலாகாது. பார்வையற்றோர் கைபேசியில் திரைபடிப்பான் என்ற மென்பொருளின் உதவியால் பெயர்களைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கின்றனர். ஐம்பது பகுதிகளின் பெயரும் ‘எங்கள் கல்லூரி இயற்பியல் துறை வழங்கும் வாராந்திர அறிவியல் நிகழ்ச்சி’ என்றே தொடங்கினால், ஒவ்வொரு முறையும் அந்த நீண்ட தொடரைக் கேட்டு முடித்த பிறகே அவருக்கு வேறுபாடு தெரியும். ஒரு பெயருக்கு நான்கு நொடி என்று வைத்தாலும், ஐம்பது பெயருக்கு 200 நொடி. மூன்று நிமிடத்துக்கும் மேல் வீணாகிறது. எல்லாப் பெயருக்கும் பொதுவான பகுதி சிறியதாக இருக்க வேண்டும். வேறுபடும் பகுதி விரைவில் வர வேண்டும். சிறிய திரையுள்ள கார் ஒலிப்பெட்டிக்கும் இதே விதி பொருந்தும்.

ஒரு நல்ல முன்மாதிரி

இவ்விதிகளைத் தமிழர்கள் முன்பே கையாண்டிருக்கின்றனர். 1998-இல் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் ஒலிக்கோப்புகளை அன்றி, நூல்களையே கணிப்பொறியில் ஏற்றியது. எனினும் பெயரிடும் முறையில் நமக்கு வழிகாட்டக் கூடியது. அதன் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் நூலான திருக்குறளின் எண் 0001. எண்ணுக்கு முன்னே சில ரோமன் எழுத்துகள். பெரிய நூலைப் பிரிக்கும்போது எண்ணுக்குப் பின்னே ஒரு கோடும் 01, 02 என்ற பாக எண்ணும்.

அத்திட்டம் தொடங்கிய நாளில் தமிழுக்குப் பல எழுத்துரு முறைகள் இருந்தன. பின்னர் திஸ்கி முறை வழங்கியது. அதன் பின் யூனிகோடு வந்தது. உள்ளே இருக்கும் எழுத்து முறை மாறியும், நூல் எண் மாறவில்லை. கோப்பின் பெயரைப் பழைய எழுத்துருவில் தமிழில் எழுதிவைத்தவர்களின் கோப்புகள் இன்று படிக்க இயலாத கிறுக்கல்களாகத் தெரிகின்றன. எண்ணைப் பெயராக வைத்தவர்களுக்கு அந்த இடர் நேரவில்லை.

முடிவாக ஒரு முறை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், கோப்பின் பெயர் நான்கு உறுப்புகளைக் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது புலப்படும்: நிகழ்ச்சியின் குறும்பெயர், பகுதி எண், தேதி, பொருள். ‘தேனி-007-2025-06-01-பெரியாறு’ என்பது ஓர் எடுத்துக்காட்டு.

இதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, ரோமன் எழுத்தில் எழுதுவதா? இணையத்தில் ஏற்றும் கோப்புக்கு ரோமன் எழுத்தே தொல்லை குறைந்தது. ஆனால் ஓடையின் தலைப்பும், கோப்புக்குள் இருக்கும் சீட்டும் தமிழிலேயே இருக்க வேண்டும். கேட்பவர் படிப்பது அவற்றைத்தான். பென் டிரைவிலோ கைபேசியிலோ நேரில் தரும் படிக்குத் தமிழ்ப் பெயர் சூட்டலாம். அப்போது அதைச் சுருக்கமாக வைத்தால் போதும். தமிழ் தெரியாத பழைய பெட்டி அந்த எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டினாலும், 007 என்ற எண்ணைக் காட்டாமல் விடாது.

நீங்களே செய்து பாருங்கள். முதலில் உங்கள் பெயரில் எத்தனை குறிகள், எத்தனை பைட்டு என்று எண்ணுங்கள். ‘மீனா’ என்றால் நான்கு குறிகள், 12 பைட்டு. ‘முத்து’ என்றால் ஆறு குறிகள், 18 பைட்டு. அடுத்து, ஒரே ஒலிக்கோப்பை நண்பருக்கு ஒரு முறை ஒலியாகவும் ஒரு முறை ஆவணமாகவும் அனுப்பி, அவர் கைபேசியில் அதன் பெயர் எவ்வாறு இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு உங்கள் கைபேசியில் உள்ள ஒலிக்கோப்புகளின் பட்டியலைத் திறந்து, ஒன்றையும் இயக்காமல், பெயரை மட்டும் பார்த்து, எத்தனை கோப்புகளை இன்னதென்று உங்களால் சொல்ல முடிகிறது என்று கணக்கிடுங்கள். சொல்ல முடியாதவை எத்தனையோ, அத்தனைக்கும் இன்றே பெயர் இடலாம்.